கேன்சர் இம்யூனோதெரபி: யாருக்குப் பக்கவிளைவு வரும்னு ரத்தப் பரிசோதனை முன்கூட்டியே சொல்லுமா? 'ஆட்டோஆன்டிபாடி' பற்றி முழு விளக்கம்

புற்றுநோய் சிகிச்சையில் கடந்த 15 ஆண்டுகளில் நடந்த மிகப்பெரிய மாற்றம் எது என்று கேட்டால், பெரும்பாலான மருத்துவர்கள் சொல்லும் பதில் இம்யூனோதெரபி. கைவிடப்பட்ட நிலையில் இருந்த நோயாளிகள் சிலர் பல ஆண்டுகள் நன்றாக வாழ வழி செய்த சிகிச்சை இது. ஆனால் இதே மருந்து சிலருக்குத் தைராய்டைச் செயலிழக்க வைக்கிறது, சிலருக்குக் குடலைப் புண்ணாக்குகிறது, மிகச் சிலருக்கு இதயத்தையே தாக்குகிறது.

யாருக்கு இது நடக்கும், யாருக்கு நடக்காது? சிகிச்சை தொடங்கும் முன்பே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ள முடியுமா? இந்தக் கேள்விக்கான விடையைத் தேடும் ஆய்வுகளில் அடிக்கடி அடிபடும் பெயர்தான் 'ஆட்டோஆன்டிபாடி'. அது என்ன, அதை எவ்வளவு நம்பலாம், நோயாளிகள் என்ன கவனிக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

இம்யூனோதெரபி எப்படி வேலை செய்கிறது?

கீமோதெரபி புற்றுநோய் செல்களை நேரடியாகக் கொல்லும் மருந்து. இம்யூனோதெரபி அப்படி இல்லை. நம் உடலிலேயே இருக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிட்டு, புற்றுநோயோடு அதைச் சண்டை போட வைப்பதுதான் இதன் வேலை.

நம் ரத்தத்தில் 'டி செல்' என்ற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. உடலுக்குள் நுழையும் கிருமிகளையும், கெட்டுப்போன செல்களையும் தாக்குவது இவற்றின் பணி. ஆனால் கட்டுப்பாடு இல்லாமல் தாக்கினால் நம் உடலையே அழித்துவிடும் இல்லையா? அதற்காக டி செல்களில் இயற்கையாகவே சில 'பிரேக்'குகள் இருக்கின்றன. சிடிஎல்ஏ-4, பிடி-1 ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவற்றைத்தான் 'செக்பாயிண்ட்' என்கிறார்கள்.

புற்றுநோய் செல்கள் இந்தப் பிரேக்கைத் தங்களுக்குச் சாதகமாக அழுத்திவிட்டுத் தப்பித்துக்கொள்கின்றன. அந்தப் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள்தான் 'செக்பாயிண்ட் இன்ஹிபிட்டர்கள்'. இதற்கு அடித்தளம் போட்ட அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வகையில் முதல் மருந்தான இபிலிமுமாபுக்கு, மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காக 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014இல் வந்தன. இன்று நுரையீரல், சிறுநீரகம், தலை-கழுத்து என்று பல வகைப் புற்றுநோய்களுக்கு இவை தரப்படுகின்றன.

உலகம் முழுக்க இந்த மருந்தைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர். 2015 ஆகஸ்டில், 90 வயதில், மெலனோமா தனது மூளை வரை பரவியிருப்பதாக அவர் அறிவித்தார். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவற்றுடன் பெம்ப்ரோலிசுமாபும் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்கேனில் புற்றுநோய்க்கான அறிகுறியே இல்லை என்று தெரிவித்தார். 2024 டிசம்பரில் 100 வயதில்தான் அவர் காலமானார்.

பிரேக் போனால் என்ன ஆகும்?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மருந்து பிரேக்கை விடுவிக்கும்போது, புற்றுநோயைத் தாக்கும் டி செல்கள் மட்டும் விடுதலை ஆவதில்லை. நம் சொந்த உறுப்புகளை எதிரி என்று தவறாக நினைக்கும் டி செல்களும் சேர்ந்தே அவிழ்ந்துவிடுகின்றன.

அதனால் வரும் பக்கவிளைவுகள் கீமோதெரபியில் பார்ப்பது மாதிரி இருக்காது. முடி கொட்டுவதும் வாந்தியும் இங்கே முக்கியப் பிரச்சினை இல்லை. தோலில் தடிப்பு, குடல் அழற்சியால் வயிற்றுப்போக்கு, கல்லீரல் அழற்சி, நுரையீரல் அழற்சி, தைராய்டு கோளாறு, பிட்யூட்டரி சுரப்பி பாதிப்பு, மூட்டு வலி, திடீர் சர்க்கரை நோய் என்று எந்த உறுப்பில் வேண்டுமானாலும் வரலாம்.

எத்தனை பேருக்கு வருகிறது? மெலனோமா நோயாளிகள் 945 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வைப் பார்ப்போம். சிகிச்சை தொடர்பான தீவிரப் பக்கவிளைவு, நிவோலுமாப் மட்டும் எடுத்தவர்களில் 16.3 சதவீதம் பேருக்கும், இபிலிமுமாப் மட்டும் எடுத்தவர்களில் 27.3 சதவீதம் பேருக்கும் வந்தது. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு வந்தது. அதாவது பாதிக்கும் மேல்.

பெரும்பாலானவை மருந்தை நிறுத்திவைத்து, ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டுக்குள் வந்துவிடும். உயிரிழப்பு அபூர்வம். ஆனால் இதயத் தசை அழற்சியான 'மயோகார்டிடிஸ்' விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. 100 பேரில் ஒருவர் என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் இது வருகிறது. ஆனால் வந்தவர்களின் நிலை மோசம். 2018இல் வெளியான ஒரு சர்வதேச அலசலில், பதிவான 131 மயோகார்டிடிஸ் நோயாளிகளில் 52 பேர் உயிரிழந்திருந்தார்கள்.

அதனால்தான் 'யாருக்கு வரும்' என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது இவ்வளவு முக்கியமாகிறது.

ஆட்டோஆன்டிபாடி என்றால் என்ன?

ஆன்டிபாடி என்ற வார்த்தை கொரோனா காலத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. வைரஸ், பாக்டீரியா மாதிரியான அந்நியப் பொருட்களைப் பிடித்துக்கொள்ள நம் உடல் தயாரிக்கும் புரதம் அது. சில நேரம் உடல் குழம்பிப்போய், தன் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரித்துவிடும். அதுதான் ஆட்டோஆன்டிபாடி. சுருக்கமா சொன்னா, சொந்த வீட்டுக்காரர் மேலயே போலீஸ்ல புகார் கொடுக்கிற மாதிரி.

முடக்குவாதம், லூபஸ், தைராய்டு அழற்சி போன்ற தன்னெதிர்ப்பு நோய்களைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் எழுதித்தரும் 'ஆர்.ஏ. ஃபேக்டர்', 'ஏ.என்.ஏ.', 'ஆன்டி டி.பி.ஓ.' டெஸ்ட்கள் எல்லாம் இந்த ஆட்டோஆன்டிபாடிகளைத் தேடுபவைதான்.

இதில் முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. ஆட்டோஆன்டிபாடி ரத்தத்தில் தெரிய ஆரம்பித்து, பல ஆண்டுகள் கழித்துத்தான் நோய் வெளிப்படலாம். வெளிப்படாமலேயே போகவும் செய்யலாம். அதாவது, எந்த உறுப்பின் மீது நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு ஏற்கெனவே ஒரு 'கண்' இருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. அப்படி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, பிரேக்கை விடுவிக்கும் மருந்தைக் கொடுத்தால்? புகை நெருப்பாக மாற வாய்ப்பு அதிகம் இல்லையா? ஆய்வாளர்கள் சோதித்துப் பார்க்கும் கருத்து இதுதான்.

ஒரு குழப்பத்தை மட்டும் இங்கேயே தீர்த்துவிடலாம். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் மருந்துகளும் ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்ட ஆன்டிபாடிகள்தான். ஆனால் அவை வேறு, நம் உடலே தயாரிக்கும் ஆட்டோஆன்டிபாடி வேறு.

தெளிவான ஆதாரம் தைராய்டில்

இதுவரை கிடைத்த ஆதாரங்களில் தெளிவானது தைராய்டு தொடர்பானது. பெம்ப்ரோலிசுமாப் எடுத்துக்கொண்ட நுரையீரல் புற்றுநோயாளிகளைப் பற்றி 2017இல் ஒரு ஆய்வு வெளியானது. அதில் 48 பேரின் விவரங்கள் அலசப்பட்டன.

அவர்களில் 10 பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைந்து, ஹார்மோன் மாத்திரை தேவைப்பட்டது. அந்த 10 பேரில் 8 பேருக்குத் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. பாதிப்பு வராத 38 பேரில் 3 பேருக்குத்தான் அது இருந்தது. 80 சதவீதம் ஒரு பக்கம், 8 சதவீதம் மறுபக்கம்.

இதையே வேறு மாதிரிப் பார்க்கலாம். ஆன்டிபாடி இருந்த 11 பேரில் 8 பேருக்குப் பிரச்சினை வந்தது. இல்லாத 37 பேரில் 2 பேருக்கு மட்டுமே வந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் அதன் பிறகு ஜப்பான் உள்ளிட்ட இடங்களில் நடந்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின.

மற்ற உறுப்புகளில் நிலைமை என்ன?

*சர்க்கரை நோய்:* இம்யூனோதெரபி எடுப்பவர்களில் ஏறத்தாழ 100க்கு ஒருவருக்கு, இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் டைப் 1 மாதிரியான சர்க்கரை நோய் வருகிறது. அப்படி வந்த 27 பேரை அமெரிக்காவின் இரண்டு பல்கலைக்கழக மருத்துவமனைகள் ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டன. அவர்களில் 40 சதவீதம் பேரிடம்தான் கணையத்துக்கு எதிரான ஆட்டோஆன்டிபாடி இருந்தது. அதாவது மீதி 60 சதவீதம் பேரை இந்த டெஸ்ட் தவறவிட்டிருக்கும். ஆனால் 76 சதவீதம் பேரிடம் 'ஹெச்.எல்.ஏ. டி.ஆர்.4' என்ற குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. ஆன்டிபாடி மட்டும் போதாது, மரபணுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

*தோல்:* தோலின் அடுக்குகளை ஒட்டிவைத்திருக்கும் 'பி.பி.180' என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி, கொப்புள நோயோடு தொடர்புடையது. நுரையீரல் புற்றுநோயாளிகளில் இது முன்பே அதிகமாக இருந்தவர்களுக்குத் தோல் பக்கவிளைவும் அதிகம் என்று 2020இல் வெளியான ஆய்வு சொன்னது.

*தசை, நரம்பு:* மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வரும் 'தைமோமா' என்ற கட்டி கொஞ்சம் ஸ்பெஷல் கேஸ். டி செல்கள் பக்குவப்படும் இடமே தைமஸ்தான். தைமோமா நோயாளிகளுக்கு அவெலுமாப் என்ற மருந்தைக் கொடுத்தபோது சிலருக்குக் கடுமையான தசை அழற்சி வந்தது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கடத்தும் 'அசிட்டைல்கோலின் ரிசெப்டர்'க்கு எதிரான ஆன்டிபாடி சிகிச்சைக்கு முன்பே இருந்ததோடு அது தொடர்புபட்டிருந்தது. அப்போது அவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

*பொதுவான ஆன்டிபாடிகள்:* ஜப்பானில் 137 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.என்.ஏ., தைராய்டு ஆன்டிபாடி இவற்றில் ஏதாவது ஒன்று முன்பே இருந்தவர்களுக்குப் பக்கவிளைவு அதிகம் என்று தெரியவந்தது. இதே ஆய்வில் இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. அதைக் கீழே பார்க்கலாம்.

ஒரே சில்லில் ஆயிரக்கணக்கான புரதங்கள்

ஒவ்வொரு ஆன்டிபாடியாகத் தேடாமல், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்தால் என்ன? அமெரிக்காவின் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். மனித உடலின் ஆயிரக்கணக்கான புரதங்களைப் புள்ளி புள்ளியாக ஒட்டிய ஒரு கண்ணாடிச் சில்லில் மெலனோமா நோயாளிகளின் ரத்த சீரத்தை ஊற்றினார்கள். எந்தப் புள்ளியில் ஆன்டிபாடி ஒட்டுகிறதோ, அந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி அவரிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

தீவிரப் பக்கவிளைவு வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் சிகிச்சைக்கு முன்பிருந்த ஆன்டிபாடி 'கைரேகை' வெவ்வேறாக இருந்தது என்று 2018இல் அந்தக் குழு அறிவித்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பாமல் இருக்க இம்யூனோதெரபி எடுத்தவர்களிடமும் பிறகு இதே முறையைச் சோதித்தார்கள். இன்னும் இது ஆய்வகக் கருவிதான். பக்கத்து லேபில் போய் எடுத்துக்கொள்ளும் டெஸ்ட் இல்லை.

அப்போ எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்துடலாமே?

அவ்வளவு சுலபம் இல்லை. மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், ஆரோக்கியமானவர்களிடமும் ஆட்டோஆன்டிபாடி இருக்கும். 1997இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வில், எந்த நோயும் இல்லாதவர்களின் ரத்தத்தை 40 மடங்கு நீர்த்துச் சோதித்தபோது 31.7 சதவீதம் பேருக்கு ஏ.என்.ஏ. 'பாசிட்டிவ்' வந்தது. 160 மடங்கு நீர்த்தபோதும் 5 சதவீதம் பேருக்கு வந்தது. அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த தேசிய கணக்கெடுப்பில், மக்களில் சுமார் 13 சதவீதம் பேரிடம் ஆன்டி டி.பி.ஓ. இருந்தது. 'பாசிட்டிவ்' என்ற ஒரு வார்த்தையை வைத்து முடிவு கட்ட முடியாது.

இரண்டாவது காரணம், அபூர்வமான பக்கவிளைவுகளில் கணக்கு நமக்கு எதிராக வேலை செய்யும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,000 நோயாளிகளில் 10 பேருக்கு இதய அழற்சி வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டெஸ்ட் அந்த 10 பேரில் 8 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. மீதி 990 பேரில் 10 சதவீதம் பேரை, அதாவது 99 பேரை, தவறாக 'ஆபத்து' என்று காட்டுகிறது. மொத்தம் 107 பேருக்கு 'பாசிட்டிவ்'. அவர்களில் உண்மையிலேயே ஆபத்து இருப்பவர்கள் 8 பேர்தான். மற்ற 99 பேருக்கும் அந்த ரிசல்ட்டால் உயிர்காக்கும் மருந்து மறுக்கப்பட்டால் அது எவ்வளவு பெரிய இழப்பு! கேட்பதற்கு நல்ல டெஸ்ட் மாதிரி இருப்பதுகூட நடைமுறையில் சறுக்கும் இடம் இதுதான்.

மூன்றாவது காரணம், ஆட்டோஆன்டிபாடி குற்றவாளியா, வெறும் சாட்சியா என்பது உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது. மயோகார்டிடிஸ் பற்றி 2022இல் வெளியான ஆய்வு ஒன்றில், இதயத் தசையில் உள்ள 'ஆல்ஃபா மயோசின்' என்ற புரதத்தை டி செல்களே குறிவைப்பது தெரியவந்தது. தாக்குதலை நடத்துவது டி செல் என்றால், ஆன்டிபாடியை மட்டும் தேடும் டெஸ்ட் பல பேரைத் தவறவிடும்.

ஆன்டிபாடி இருந்தால் சிகிச்சையே வேண்டாமா?

இதுதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். வேண்டாம் என்று அர்த்தம் இல்லை.

மேலே சொன்ன ஜப்பான் ஆய்வின் ஆச்சரியம் இதுதான். ஆட்டோஆன்டிபாடி இருந்தவர்களுக்குப் பக்கவிளைவு அதிகம் வந்தது உண்மை. ஆனால் அவர்களுக்குத்தான் புற்றுநோய் வளராமல் கட்டுக்குள் இருந்த காலமும் அதிகமாக இருந்தது. பி.பி.180 ஆய்விலும் இதே மாதிரியான போக்கு தெரிந்தது. மெலனோமா நோயாளிகளுக்குச் சிகிச்சையின்போது தோலில் வெண்புள்ளிகள் வந்தால் மருந்து நன்றாக வேலை செய்வதற்கான அறிகுறி என்று மருத்துவர்கள் ஏற்கெனவே கவனித்திருக்கிறார்கள். எளிதில் உசுப்பக்கூடிய எதிர்ப்பு மண்டலம் புற்றுநோயையும் தாக்குகிறது, உடலையும் கொஞ்சம் கடிக்கிறது.

அதனால், எதிர்காலத்தில் இப்படி ஒரு டெஸ்ட் வந்தாலும், அதன் பயன் மருந்தைத் தடுப்பதில் இருக்காது. யாரை அதிகமாகக் கண்காணிக்க வேண்டும், யாருக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்காமல் ஒன்றோடு நிறுத்தலாம் என்று முடிவெடுப்பதில்தான் இருக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தால் தினம் ஒரு மாத்திரை போதும். அதற்குப் பயந்து புற்றுநோய் மருந்தை விடுவது சரியான கணக்கு இல்லை.

இப்போது மருத்துவமனைகளில் என்ன செய்கிறார்கள்?

சிகிச்சைக்கு முன்பு எல்லாருக்கும் கட்டாயமாக ஆட்டோஆன்டிபாடி டெஸ்ட் எடுப்பது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. தைராய்டு சுரப்பு, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு, சர்க்கரை அளவு போன்றவற்றை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு சீரான இடைவெளியில் மீண்டும் பார்க்கிறார்கள். தைராய்டு டெஸ்ட் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள்.

பக்கவிளைவு வந்தால் அதன் தீவிரத்தை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். லேசானது என்றால் பெரும்பாலும் கண்காணிப்போடு மருந்து தொடரும். நடுத்தரம் என்றால் மருந்தை நிறுத்திவைப்பார்கள். தீவிரம் என்றால் அதிக டோஸ் ஸ்டீராய்டு. அதற்கும் அடங்காத குடல் அழற்சிக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

இந்தியாவில் இது ஏன் முக்கியம்?

இந்தியாவில் இம்யூனோதெரபியின் முதல் தடை பக்கவிளைவு இல்லை, விலை. அதைச் சமாளிக்க மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒரு முக்கியமான ஆய்வை நடத்தியது. தலை-கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேர் இதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்கு வாய்வழி மருந்துகளோடு வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் 3 வாரத்துக்கு ஒருமுறை சேர்த்துக் கொடுக்கப்பட்டது. வழக்கமான டோஸ் 2 வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்களின் விகிதம், நிவோலுமாப் இல்லாத பிரிவில் 16.3 சதவீதம். குறைந்த டோஸ் பிரிவில் 43.4 சதவீதம்.

இப்படி விலை இறங்கி, சின்ன ஊர்களில் இருப்பவர்களுக்கும் மருந்து கிடைக்க ஆரம்பிக்கும்போது, பக்கவிளைவை யார் முதலில் பார்ப்பார்கள்? பெருநகரத்துப் புற்றுநோய் மருத்துவர் இல்லை. ஊரில் இருக்கும் பொது மருத்துவர்தான். வயிற்றுப்போக்கு என்று வந்தவருக்கு 'சாப்பாடு ஒத்துக்கலை' என்று மாத்திரை கொடுத்து அனுப்பினால், குடல் அழற்சி முற்றிவிடும். மூச்சுத்திணறலைச் சளி என்று விட்டால் இன்னும் ஆபத்து. யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று முன்பே சொல்லும் ஒரு மலிவான ரத்தப் பரிசோதனை உறுதியானால், அதன் பலன் இந்த மாதிரி இடங்களில்தான் அதிகம் தெரியும்.

நோயாளிகள், குடும்பத்தினர் கவனத்துக்கு

* முடக்குவாதம், தைராய்டு, சோரியாசிஸ், லூபஸ், குடல் அழற்சி என்று ஏற்கெனவே ஏதாவது தன்னெதிர்ப்பு நோய் இருந்தால், சிகிச்சைக்கு முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்று இருந்தாலும் காட்டுங்கள்.
* நீங்களாகவே லேபுக்குப் போய் ஆட்டோஆன்டிபாடி டெஸ்ட் எடுத்து, அதை வைத்து மருந்தை நிறுத்த வேண்டாம்.
* வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, தசை பலவீனம், கண் இமை தொங்குவது, இரட்டைப் பார்வை, அடங்காத தாகம், அளவுக்கு மீறிய சோர்வு, விடாத தலைவலி, கண் மஞ்சளாவது, உடல் முழுக்கத் தடிப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே தெரிவியுங்கள்.
* எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதல் வாக்கியமே 'நான் இம்யூனோதெரபி எடுக்கிறேன்' என்பதாக இருக்கட்டும். மருந்தின் பெயர், கடைசியாக எடுத்த தேதி, புற்றுநோய் மருத்துவரின் எண் மூன்றையும் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது. 'கீமோ' என்று சொன்னால் சிகிச்சையே திசை மாறிவிடலாம்.
* சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழித்தும் பக்கவிளைவு வரலாம். 'ஊசிதான் நிறுத்தியாச்சே' என்று அலட்சியம் வேண்டாம்.

ஆட்டோஆன்டிபாடி இப்போதைக்கு ஒரு எச்சரிக்கை விளக்கு மட்டுமே. தைராய்டில் அது ஓரளவு சரியாக எரிகிறது, சர்க்கரை நோயில் பாதி நேரம் எரிவதில்லை, உயிரைப் பறிக்கும் இதய அழற்சியில் அதை மட்டும் நம்ப முடியாது. மரபணு வகை, டி செல் பரிசோதனை ஆகியவற்றோடு சேர்த்து ஒரு முழுமையான கணிப்பாக அது மாறும் வரை, அறிகுறியைச் சீக்கிரம் சொல்லும் நோயாளியும் அதைக் காது கொடுத்துக் கேட்கும் மருத்துவரும்தான் சிறந்த பாதுகாப்பு.